வியன்னாவில் ஒரு மதியம் காலி: ரயிலில் எந்தச் சின்ன ஊருக்குப் போகலாம்? (ஜனவரி)

நிலா77
அனைவருக்கும் வணக்கம். ஜனவரி மூன்றாவது வாரம் நான், வீட்டுக்காரர், அம்மா மூவரும் வியன்னாவில் இருப்போம். அரண்மனை, அருங்காட்சியகம், கச்சேரி எல்லாவற்றுக்கும் நாள் ஒதுக்கியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை மதியத்தை மட்டும் வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறேன். ரயிலில் ஏறி உட்கார்ந்து, பனியைப் பார்த்துக்கொண்டே போய், ஏதாவது ஒரு சின்ன ஊரில் இறங்கி, சூடாக எதையாவது குடித்துவிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு வியன்னா திரும்ப வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. பனியில் ஏற்றம் இறக்கமெல்லாம் முடியாது. சுத்த சைவம் வேறு. எந்த ஊர் சரிப்படும்?

பயணப்பித்தன்
ஹால்ஷ்டாட். யோசிக்கவே வேண்டாம். ஏரி, மலை, மர வீடு எல்லாம் ஒரே படத்தில் வந்துவிடும்.

தூங்குமூஞ்சிமரம்
பித்தன், அழகான ஊர்தான், மறுக்கவில்லை. ஆனால் மதியம் கிளம்பிப் போகிற ஊரா அது? வியன்னாவிலிருந்து போக மட்டும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் ஆட்நாங்-புக்ஹைமில் வண்டி மாற வேண்டும். ஸ்டேஷன் ஏரியின் ஒரு கரையில், ஊர் எதிர்க்கரையில். படகில் கடக்க வேண்டும். ஜனவரியில் நாலரை மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். படகை விட்டு இறங்கும்போது தெருவிளக்கைத்தான் பார்க்கலாம்.

நிலா, நீங்கள் எழுதியதைப் படித்தால் ஊரைவிட ரயில்தான் உங்களுக்கு முக்கியம் என்று படுகிறது. அப்படியானால் தெற்கே போங்கள். செம்மரிங் மலைப்பாதை ஏறி, சுரங்கத்தைத் தாண்டி, ஸ்டைரியா மாநிலத்து ஊரான ம்யூர்ட்சுஷ்லாக்கில் இறங்குங்கள். வேக ரயிலில் ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். வட்டார ரயிலில் போனால் இன்னும் கொஞ்சம்.

ஏன் அந்தப் பக்கம் என்றால், முதல் காரணம் வானம். இங்கே வசிப்பவர்களைக் கேளுங்கள், ஜனவரியில் வியன்னா நாள்கணக்கில் சாம்பல் பூத்துக் கிடக்கும். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. குளிர்ந்த காற்று சமவெளியில் தேங்கிவிடும், அதன்மேல் மேகம் மூடி போட்டதுபோல் நின்றுவிடும். அந்த மூடியைத் தாண்டி மேலே போனால் பல நாட்களில் பளீரென்று வெயில் அடிக்கும். செம்மரிங் ஸ்டேஷன் இருப்பது 896 மீட்டர் உயரத்தில். கிளம்புவதற்கு முன் செம்மரிங் பனிச்சறுக்கு மைதானத்தின் வெப் கேமராவைத் திறந்து பாருங்கள். அங்கே மரங்களுக்கு நிழல் விழுந்திருந்தால் உடனே ரயிலேறுங்கள்.

இரண்டாவது காரணம் பாதை. இந்தப் பக்கத்து அடிவார ஊரான க்ளாக்னிட்ஸிலிருந்து ம்யூர்ட்சுஷ்லாக் வரை நேர்க்கோடு போட்டால் 21 கிலோமீட்டர்தான் வரும். தண்டவாளமோ 41 கிலோமீட்டர் சுற்றுகிறது. மலையை நேராகக் குடைந்துகொண்டு போகாமல், மலையோடு வளைந்து வளைந்து ஏறுகிற பாதை. வளைவுகள் சில இடங்களில் 190 மீட்டர் ஆரம்தான் என்பதால் எந்த ரயிலும் அங்கே பாய முடியாது. 'ரெயில்ஜெட்' என்று பெயர் வைத்துக்கொண்டு வருகிற வண்டியும் மணிக்கு 60 கிலோமீட்டரை ஒட்டித்தான் ஊரும். மதியத்தை மெதுவாகக் கழிக்க வேண்டும் என்கிறீர்களே, அந்த வேலையை ரயிலே பார்த்துக்கொள்ளும்.

குன்னூர்க்காரன்
மரம் சொன்னதற்கு என் முழு ஓட்டு. ரயில் பைத்தியங்களுக்கு ஒரு கூடுதல் தகவல். யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய முதல் ரயில் பாதை இதுதான், 1998இல். அடுத்த வருடம் டார்ஜிலிங். நம் நீலகிரி மலை ரயில் அதோடு சேர்க்கப்பட்டது 2005இல்.

எங்கள் ஊர்ப் பாதையோடு ஒப்பிட்டால் ஒரு பெரிய வித்தியாசம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறோம், 12க்கு 1 சரிவு. செம்மரிங்கில் பல்சக்கரம் கிடையாது. ஆயிரத்துக்கு 28 என்பதே உச்ச சரிவு, கிட்டத்தட்ட 36க்கு 1. மற்ற ஆஸ்திரிய ரயில்களுக்கு உள்ள அதே தண்டவாள அகலம், சாதாரண சக்கரம். அந்தச் சரிவைத் தாண்டக்கூடாது என்பதற்காகத்தான் அத்தனை சுற்று.

யாழ்தேவி_சூரிச்
எல்லாரும் கோவிக்கக்கூடாது. நானும் அங்கே போயிருக்கிறேன், தை மாதத்தில்தான். பாதை நல்லம், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ம்யூர்ட்சுஷ்லாக்கில் இறங்கினால் தெருவில் சனமே இல்லை. சனிக்கிழமை பின்னேரம், பாதிக் கடை பூட்டு. ஒரு கோப்பி குடித்துவிட்டு அடுத்த ரெயிலில் ஏறிவிட்டோம். பழைய இரும்புத் தொழில் ஊர், படத்தில் வருகிற ஆஸ்திரியா அங்கே இல்லை. சுவிஸில் இருந்து வருகிறவன் என்ற முறையில் சொன்னால் மலையும் அவ்வளவு உயரம் இல்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் போய் இதையா காட்டுவது?

தூங்குமூஞ்சிமரம்
யாழ்தேவி, சுவிஸ் மலைகளோடு போட்டி போட்டால் நாங்கள் தோற்றுத்தான் போவோம், விடுங்கள். சனம் இல்லை என்பது உண்மை. நிலா கேட்டது அந்த மாதிரி ஊர் என்றுதான் நான் நினைத்தேன். பார்க்க வேண்டிய பட்டியல் எதுவும் இல்லாத இடத்தில்தான் காபி நிதானமாக இறங்கும்.

ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. இசையமைப்பாளர் பிராம்ஸ் 1884, 1885 என்று இரண்டு கோடைகள் அங்கே தங்கித் தன் நான்காவது சிம்பொனியை எழுதினார். அவர் இருந்த வீடு இப்போது அருங்காட்சியகம். 2004இல் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் எல்ஃபிரீட யெலினெக் பிறந்த ஊரும் அதுதான். ஸ்டேஷனை ஒட்டியே பழைய தெற்கு ரயில்வேயின் அருங்காட்சியகம் இருக்கிறது. திறக்கும் நேரங்களை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், சின்ன ஊர், குளிர்காலம்.

கீதா_வியன்னா
நிலா, நல்லவேளை வெள்ளிக்கிழமை என்றீர்கள். யாழ்தேவி அண்ணா சொன்னது சனிக்கிழமைக் கதை. இந்த நாட்டில் ஞாயிறு என்றால் கடைகள் முழு விடுமுறை, சின்ன ஊர்களில் சனி மதியமே ஷட்டரை இறக்கிவிடுவார்கள். வெள்ளி மாலை அந்தத் தொல்லை இல்லை.

அம்மாவுக்காக மூன்று விஷயம்.

செம்மரிங் ஸ்டேஷனில் இறங்காதீர்கள். ஸ்டேஷன் கீழே, ஹோட்டல்களும் கணவாயும் மேலே. பனி உறைந்த ஏற்றம், முழங்காலுக்கு ஆகாது. ம்யூர்ட்சுஷ்லாக்கில் அப்படிப் பெரிய ஏற்றம் கிடையாது.

சூப் விஷயத்தில் உஷார். காய்கறி மட்டும் மிதக்கிற மாதிரி தெரியும், ஆனால் 'ஃப்ரிட்டாட்டன்' சூப் (பான்கேக் துண்டு போட்டது), பாலாடைக்கட்டி உருண்டை போட்ட சூப் எல்லாம் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாற்றில்தான். கேட்காமல் வாங்க வேண்டாம். கேஸ்ஷ்பெட்ஸ்லே (பாலாடைக்கட்டி கலந்த சின்ன மாவுத் துண்டுகள்) பரவாயில்லை, மேலே பன்றித் துண்டு தூவுவார்களா என்று மட்டும் கேளுங்கள். முட்டை கலந்த மாவு என்பதையும் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். இனிப்பு வகையிலும் முட்டை பற்றிக் கேட்டுவிடுவது நல்லது.

கடைசியாக, காலணி. ஊரில் வாங்கிய ஸ்போர்ட்ஸ் ஷூ ஐஸில் வழுக்கும். இங்கே செருப்புத் தைக்கிற கடைகளிலும் விளையாட்டுச் சாமான் கடைகளிலும் காலணிக்கு மேல் மாட்டுகிற ரப்பர் பட்டை விற்பார்கள், அடியில் சின்ன இரும்பு முட்கள் இருக்கும். வாங்கிக்கொடுங்கள்.

நிலா77
கீதா அக்கா, கோடி நன்றி. அம்மா முட்டை சாப்பிட மாட்டார், நல்லவேளை சொன்னீர்கள். இன்னும் இரண்டு கேள்வி. எந்தப் பக்கம் உட்கார வேண்டும்? டிக்கெட் எப்படி எடுப்பது?

தூங்குமூஞ்சிமரம்
க்ளாக்னிட்ஸைத் தாண்டி வரும் பாயர்பாக் ஸ்டேஷன் வரை வலது பக்கம். பாடன், பாட் வோஸ்லாவ் ஊர்களை ஒட்டிய திராட்சைத் தோட்டங்கள் அந்தப் பக்கம்தான், இலை உதிர்ந்து கம்பி மட்டும் நிற்கும். அப்புறம் 2,076 மீட்டர் ஷ்னேபெர்க் மலை தெரியும், மேகம் அனுமதித்தால்.

பாயர்பாக் வந்ததும் இடது பக்கம் மாறிவிடுங்கள். அங்கே 13 வளைவுகள் கொண்ட நீளமான பாலத்தில் ஷ்வார்ட்சா ஆற்றைக் கடந்து ரயில் வந்த திசைக்கே திரும்பும். கொஞ்ச நேரத்தில், சற்று முன் நீங்கள் போன தண்டவாளம் கீழே பள்ளத்தாக்கில் தெரியும். அதற்குப் பிறகு க்ளாம், ப்ரைட்டன்ஷ்டைன் என்று உச்சி வரை பள்ளம் பெரும்பாலும் இடது பக்கமே இருக்கும். 'கால்ட்டே ரின்னே' பாலம் இடது பக்கமாக வளைவதால் உங்கள் ரயிலின் முன்பெட்டி வளைந்து போவதை உங்கள் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். 46 மீட்டர் உயரம், இரண்டு அடுக்கு, கீழே 5 வளைவு மேலே 10.

மதியம் ஒன்று, ஒன்றரைக்கு அந்த இடத்தில் இருக்கிற மாதிரி கிளம்புங்கள். குளிர்கால வெயில் தெற்கிலிருந்து தாழ்வாக வரும். பாலத்தைத் தாண்டியதும் நீங்கள் நிழலில் போவீர்கள், எதிரே வெயிலில் நிற்பது சற்று முன் நீங்கள் கடந்து வந்த சுண்ணாம்புப் பாறைச் சுவர். வந்த வழி முழுவதும் எதிரே பட்டவர்த்தனமாகத் தெரியும்.

டிக்கெட்டுக்கு: 'ஐன்ஃபாக்-ரவுஸ்' என்று ஒரு நாள் குழு டிக்கெட் இருக்கிறது. இரண்டு முதல் ஐந்து பேர் வரை ஒரே சீட்டில், நாள் முழுக்க. வார நாளில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும். வட்டார ரயில்களில் மட்டும். ரெயில்ஜெட்டில் அதை வைத்துக்கொண்டு ஏறினால் அபராதம். நான் சொல்வேன், போகும்போது வட்டார ரயில், பாயர்பாக்கில் மாறி, ஒவ்வொரு சின்ன ஸ்டேஷனிலும் நின்று நின்று. அந்தச் சின்ன ரயில் அடிக்கடி கிடையாது, நேர அட்டவணையைப் பார்த்துவிட்டு வியன்னாவில் எப்போது ஏறுவது என்று முடிவு செய்யுங்கள். திரும்பும்போது இருட்டிவிடும், ஜன்னலில் உங்கள் முகம்தான் தெரியும். அதற்கு ரெயில்ஜெட் போதும், தனி டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம்.

பழைய_தண்டவாளம்
தாமதமாக வருகிறேன். இந்தப் பாதையின் கதையை யாரும் சொல்லவில்லையே, ஆச்சரியம்.

1848 புரட்சி வருடம். வியன்னாவில் வேலையில்லாக் கூட்டம், அரசுக்குக் கிலி. அந்த வருடமே செம்மரிங் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். பொறியாளர் கார்ல் ஃபான் கேகா, 1802இல் வெனிஸில் பிறந்தவர், 1842இல் அமெரிக்காவுக்குப் போய் அங்கத்திய ரயில்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர். வேடிக்கை என்னவென்றால், பாதைக்கு அடி போட்டபோது அந்தச் சரிவில் சரக்கை இழுக்கக்கூடிய எஞ்சின் ஒன்றுகூட உலகத்தில் கிடையாது. கயிறு கட்டி இழுக்க வேண்டும் என்று வாதாடியவர்கள் இருந்தார்கள். கேகா, எஞ்சின் வந்துவிடும் என்று பாதையைப் போட்டுக்கொண்டே போனார்.

1851இல் போட்டி வைத்தார்கள். பவேரியா, வீனர் நாய்ஷ்டாட், செரேங், விண்டோபோனா என்று நான்கு எஞ்சின்கள் வந்தன. முதல் பரிசு பவேரியாவுக்கு. ஆனால் சக்கரங்களை இணைத்த அதன் சங்கிலி தினசரிப் பாட்டுக்குத் தாங்காது என்று தெரிந்தது. மற்ற மூன்றும் அப்படித்தான், ஒன்றும் அப்படியே வேலைக்கு எடுக்கப்படவில்லை. அந்த நான்கிலிருந்தும் பாடம் படித்து எங்கெர்த் என்பவர் வடிவமைத்த எஞ்சின்தான் கடைசியில் ஓடியது.

டைனமைட்டுக்குக் காப்புரிமை கிடைத்தது 1867இல். ஆகவே இங்கே இருக்கிற 14 சுரங்கங்களும் கருமருந்தும் உளியும் மனிதக் கையும் தோண்டியவை. உச்சகட்டத்தில் சுமார் 20,000 பேர் வேலை பார்த்தார்கள். காலராவும் டைபஸும் தொழிலாளர் குடிசைகளில் புகுந்து நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்டுபோயின. 1854 ஜூலையில் பயணிகள் ரயில் ஓடியது. ஆறு வருடம்! இன்றைக்கு அதே மலைக்கு அடியில் எவ்வளவு நாளாகத் தோண்டுகிறார்கள் என்று பார்த்தால் இதன் அருமை தெரியும்.

நிலா, ஜன்னலில் ஒன்றைக் கவனியுங்கள். பாதை நெடுக ஒரே மாதிரி இரண்டு மாடிக் கல் வீடுகள் வரும். பாதைக் காவலர்கள் குடும்பத்தோடு இருந்த வீடுகள், மொத்தம் 57 கட்டினார்கள். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குச் சைகை போகும். இப்போது சிலவற்றில் திரை தொங்குகிறது, சில பூட்டிக் கிடக்கின்றன. எனக்குப் பாலங்களைவிட இந்த வீடுகள்தான் பிடிக்கும்.

பயணப்பித்தன்
பழையவரே, யூரோவுக்கு முந்தைய 20 ஷில்லிங் நோட்டை விட்டுவிட்டீர்கள்! 1967இல் வந்த நோட்டு, முன்பக்கம் கேகா, பின்பக்கம் கால்ட்டே ரின்னே பாலம். அந்தப் படக் கோணத்துக்கே ஒரு காட்சிமுனை இருக்கிறது, செம்மரிங்கிலிருந்து நடந்து போகலாம். (ஹால்ஷ்டாட் என்று சொன்னவன்தான் நான். கட்சி மாறவில்லை. நாள் முழுக்க இருந்தால் ஹால்ஷ்டாட்தான்.)

நிலா77
போய்விட்டு வந்தோம்! நேற்று. விவரமாகவே எழுதுகிறேன்.

காலையில் ஹோட்டல் ஜன்னலில் பார்த்தால் எதிர்க்கட்டிடத்தின் மேல்மாடி தெரியவில்லை. வீட்டுக்காரர், "இந்த லட்சணத்தில் மலையா?" என்றார். மரம் சொன்ன கேமராவைத் திறந்து காட்டினேன். பனி மேல் மரங்களின் நிழல் நீளமாக விழுந்திருந்தது. பேச்சை நிறுத்திவிட்டுக் கோட்டை மாட்டினார்.

க்ளாக்னிட்ஸ் வரை ஜன்னலுக்கு வெளியே வெறும் பால். திராட்சைத் தோட்டமும் தெரியவில்லை, ஷ்னேபெர்க்கும் தெரியவில்லை. பாயர்பாக்கில் மாறினோம், ஒரே நடைமேடையில் எதிர்ப்பக்கம் நின்றது சின்ன ரயில், அம்மாவுக்குச் சிரமமில்லை. பெட்டியில் எங்களைத் தவிர பனிச்சறுக்குப் பலகையோடு இரண்டு பையன்கள், நாயோடு ஒரு பெரியவர். ரயில் ஏறத் தொடங்கியதும் வளைவில் சக்கரம் கிறீச்சிடுவது உள்ளே வரை கேட்டது. ஐக்பெர்க் ஸ்டேஷன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வெளிச்சம் மஞ்சளானது. முதலில் மர உச்சிகள் மட்டும், அப்புறம் மரம் முழுவதும், அப்புறம் நீல வானம். கீழே பள்ளத்தாக்கு மூடிக் கிடந்தது. அம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார், துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

ப்ரைட்டன்ஷ்டைனில் ரயில் நின்றபோது ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பெரியவர் இறங்கினார், நாய் இறங்க மறுத்தது, கார்டு சிரித்துக்கொண்டே காத்திருந்தார். ரெயில்ஜெட்டில் போயிருந்தால் இது கிடைத்திருக்காது.

பாலத்தைப் பற்றி நீங்கள் எழுதியதே போதும், அப்படியேதான். நான் கூடுதலாகச் சொல்ல ஒன்று உண்டு. படம் எடுக்க முயலாதீர்கள். ஜன்னல் திறக்காது, உள்விளக்கு கண்ணாடியில் விழும். என்னிடம் இருக்கிற படங்களில் பாலத்தைவிட வீட்டுக்காரரின் சிவப்பு மஃப்ளர்தான் தெளிவாக இருக்கிறது.

உச்சிச் சுரங்கத்துக்குள் போய் வெளியே வந்தால் வேறு ஊர். அந்தப் பக்கம் பனி இரண்டு மடங்கு. ம்யூர்ட்சுஷ்லாக்கில் இறங்கி ஊருக்குள் மெதுவாக நடந்தோம். நடைபாதையில் சரளைக்கல் தூவியிருந்தார்கள், கீதா அக்கா சொன்ன ரப்பர் பட்டையும் இருந்தது, அம்மா எங்கள் இருவரையும்விடத் தைரியமாக நடந்தார். பிராம்ஸ் வீட்டை வெளியிலிருந்து பார்த்துவிட்டு ஒரு காபிக்கடையில் நுழைந்தோம். எனக்கு மெலாஞ் (பால் நுரை போட்ட காபி), அவருக்கு ஆப்பிள் ஸ்ட்ரூடல். பக்கத்து மேசைக்கு 'கெர்ம்க்னோடல்' என்று ஒன்று வந்தது. வெள்ளையாக, கையகல உருண்டை, மேலே கசகசாவும் சர்க்கரையும், உருகிய வெண்ணெய். உள்ளே ப்ளம்ஸ் பழக்கூழ். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "கொழுக்கட்டை மாதிரி இருக்கே, என்ன விலை சொல்றான்?" என்றார். மாவில் முட்டை உண்டா என்று கேட்டோம், உண்டு என்றார் பரிமாறிய பெண். அம்மா இஞ்சி டீயோடும் நாங்கள் கொண்டுபோன முறுக்கோடும் நிறுத்திக்கொண்டார். அந்தப் பெண் முறுக்கைப் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விட்டார்.

யாழ்தேவி அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரி தெருவில் ஆளே இல்லைதான். எங்களுக்கு அது ஒத்துப்போனது.

யாழ்தேவி_சூரிச்
வாசிக்கச் சந்தோசம் தங்கச்சி. அம்மா நடந்தது பெரிய விசயம். ஆனால் நான் சொன்னதில் மாற்றம் இல்லை. வெயில் இருந்ததால் தப்பினீர்கள். மேகம் மூடிய நாளில் அதே பயணத்தை எழுதியிருந்தால் நாலு வரியில் முடிந்திருக்கும்.

குன்னூர்க்காரன்
அதற்குத்தானே கேமரா பார்க்கச் சொன்னது 🙂

சரி, ஒரு விஷயம். போக நினைக்கிறவர்கள் தள்ளிப்போடாதீர்கள். மலைக்கு அடியில் 27.3 கிலோமீட்டர் அடிவாரச் சுரங்கம் தோண்டுகிறார்கள். க்ளாக்னிட்ஸில் நுழைந்து நேராக ம்யூர்ட்சுஷ்லாக்கில் வெளியே வரும். 2012இல் தொடங்கியது, 2024 நவம்பரில் கடைசிப் பாறையும் உடைந்தது, 2030இல் ரயில் விடுவதாகத் திட்டம். அதன்பிறகு ரெயில்ஜெட் எல்லாம் கீழே போய்விடும்.

பழைய_தண்டவாளம்
அதை நினைத்தால்தான் எனக்கு வயிற்றெரிச்சல். பழைய பாதையை மூட மாட்டோம், உள்ளூர் ரயில் ஓடும் என்கிறார்கள். நம்புகிறேன். ஆனால் ஒரு நாளைக்கு நாலு வண்டி ஓடுகிற பாதையை எத்தனை வருடம் பராமரிப்பார்கள்? கல் பாலத்துக்குச் சும்மா நிற்பதற்கே செலவு உண்டு.

குன்னூர்க்காரன்
ஐயா, நாலு வண்டி என்பது உங்கள் பயம், அட்டவணை இல்லை. சரக்கு ரயிலை யோசியுங்கள். இன்றைக்குக் கனமான சரக்கு வண்டி ஒவ்வொன்றுக்கும் கூடுதல் எஞ்சின் மாட்டித்தான் ஏற்றுகிறார்கள். புதிய சுரங்கத்தில் சரிவு ஆயிரத்துக்கு 8.4தான், ஒரே எஞ்சின் இழுத்துவிடும். 2025 டிசம்பரில் கோரால்ம் பாதை திறந்து கிராட்ஸிலிருந்து க்ளாகன்ஃபுர்ட் வரை வேகப் பாதை வந்துவிட்டது. வியன்னாவுக்கும் கிராட்ஸுக்கும் நடுவில் 1854ஆம் வருடத்து வளைவுகள் மட்டும் மிச்சம். சரக்கு லாரிக்குப் போகாமல் ரயிலில் போக வேண்டுமானால் இந்தச் சுரங்கம் வேண்டும். கேகாவே இருந்திருந்தால் முதல் ஆளாகத் தோண்டியிருப்பார்.

பழைய_தண்டவாளம்
கேகாவைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள், அவர் 1860இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். சரக்குக்குச் சுரங்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள், போனைப் பார்த்துக்கொண்டாவது, அந்தப் பாலங்கள் மேல் போகிறார்கள். அது நிற்கப்போகிறது. இனி அதைப் பார்க்கத் தனியாகக் கிளம்பி வர வேண்டும்.

மட்டுறுத்துனர்
அடிவாரச் சுரங்கத்துக்குத் தனி இழை தொடங்கலாமே. இங்கே பயணக் கேள்விகள் மட்டும்.

சின்னப்பறவை
மன்னிக்கவும், இடையில் புகுகிறேன். பிப்ரவரியில் 6, 9 வயதுப் பிள்ளைகளோடு வியன்னா வருகிறோம். அவர்களுக்குப் பாலமும் வேண்டாம், பிராம்ஸும் வேண்டாம், பனியில் சறுக்க வேண்டும். இதே ரயிலில் போய் அதைச் செய்ய முடியுமா?

தூங்குமூஞ்சிமரம்
தாராளமாக. நீங்கள் ம்யூர்ட்சுஷ்லாக் வரை போக வேண்டாம், செம்மரிங்கிலேயே இறங்குங்கள். ஹிர்ஷன்கோகல் மலையில் சறுக்குவண்டிக்குத் தனிப் பாதை இருக்கிறது. வண்டி அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், கயிற்றுப்பெட்டியில் மேலே போய்ச் சறுக்கிக்கொண்டே இறங்கலாம். ஸ்டேஷனிலிருந்து மேலே ஏற்றம், பிள்ளைகள் ஓடிவிடுவார்கள், உங்களுக்குத்தான் மூச்சு வாங்கும். கம்பளிக் கையுறை நனைந்துவிடும், தண்ணீர் புகாத கையுறையாக ஆளுக்கு இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி விடுமுறை வாரமாக இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள், மதியம் வரிசை நீளும்.